கடல் கடக்கும் தத்துக் குழந்தை

ஒன்றரை வயதில் தத்துப் போகும் குழந்தைக்கு ஒரே நாளில் எல்லாமே மாறிவிடுகின்றன. படுத்த பாய், குளிப்பாட்டிய கை, சோற்றின் பக்குவம், விளக்கணைக்கும் நேரம், காதில் விழுந்த பேச்சு என எதுவும் மிஞ்சுவதில்லை. அதற்குமேல் விமானம் ஏறி வேறு நாட்டுக்கும் போய்விட்டால் வெயிலும் பொழுதும்கூட மாறிப்போகும். பச்சிளம் குழந்தைக்கு இந்த மாற்றம் அவ்வளவாக உறைக்காது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் தளர்நடைப் பருவம்தான் சிக்கலானது. அந்தக் குழந்தைக்கு ஆளைத் தெரியும், ஆள் மாறியதற்கான காரணம் தெரியாது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு இந்த விஷயம் தொலைவானதல்ல. பெண்சிசுக் கொலையைத் தடுக்க, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசு மையத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. 2011இல் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களோடு அரியலூரும் பெரம்பலூரும் அதில் சேர்க்கப்பட்டன. காரணம் அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு. ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள் இருந்தார்கள். பெரம்பலூரில் 913, அரியலூரில் 897.

இன்னொரு பக்கமும் உண்டு. இதே இரண்டு மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பிள்ளையில்லாத தம்பதியர் சிலர் ஊர்ப்பக்கம் திரும்பித் தத்தெடுக்க விரும்புகிறார்கள். ஆனால் கூலி வேலைக்குப் போனவரால் இது முடியாது. சிங்கப்பூரில் ‘வொர்க் பெர்மிட்’ வைத்திருப்பவர் குடும்பத்தையே அழைத்துக்கொள்ள விதியில்லை. எனவே பிள்ளையோடு அங்கே குடியிருக்கப் போகிறவர் பெரும்பாலும் கூடுதல் சம்பளக்காரராகவோ நிரந்தரவாசியாகவோதான் இருப்பார்.

தொட்டிலில் கிடந்த குழந்தை தளர்நடைப் பருவத்தை எட்டும்வரை மையத்தில் ஏன் இருக்க நேர்கிறது என்ற கேள்வி எழலாம். சட்டம் நிதானமாகத்தான் நடக்கிறது. பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தையென்றால், மனம் மாறித் திரும்பி வந்து கேட்க அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையென்றால் பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே, தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று மாவட்டக் குழந்தைகள் நலக்குழு அறிவிக்கும். இரண்டு வயது வரை இதற்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட வயதுக்கு நான்கு மாதம் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. பிறகு மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையப் பதிவில் வரிசை, குடும்ப ஆய்வு, மருத்துவ அறிக்கை, ஆட்சியரின் உத்தரவு. தத்து உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் 2022 செப்டம்பரில்தான் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு வந்தது. வெளிநாடுவாழ் இந்தியர் வரிசையில் உள்ளூர்க்காரருக்குச் சமமாகவே நிற்கிறார். இருந்தாலும் அவருக்கு ஆணையத்தின் தடையின்மைச் சான்றும் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கூடுதலாகத் தேவை. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் அதில் இல்லை. அங்கே இருப்பவர்கள் இந்தியத் தூதரகம் வழியாகவே போகவேண்டும். தத்துப் பிள்ளைக்கு அந்த நாடு குடும்ப விசா கொடுக்குமா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தத் தாமதத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவசரத்தின் விலையையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சென்னையின் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட விவகாரம் 2005இல் அம்பலமானது.

மையத்தில் இப்படிக் காத்திருக்கும் காலத்தில் குழந்தையின் உடலுக்குள் நடப்பது என்ன? பிறந்து ஆறேழு மாதம் வரை குழந்தை யார் தூக்கினாலும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் ஒரு திருப்பம் வருகிறது. குறிப்பிட்ட ஓரிருவரை மட்டும் தேடத் தொடங்குகிறது, புது முகம் கண்டால் மிரள்கிறது, தவழ்ந்து போய்த் திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. இதைப் பற்றுறவு என்று உளவியல் குறிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அறிக்கை எழுதிய பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் பௌல்பி இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் இட்டார். மேரி எயின்ஸ்வொர்த் 1950களில் உகாண்டா கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் நேரில் கவனித்து அதற்குச் சான்று சேர்த்தார். பாசம் என்பது இங்கே மென்மையான உணர்ச்சி மட்டுமல்ல. பயம் வரும்போது யாரிடம் ஓடவேண்டும் என்று உடல் கற்றுவைத்திருக்கும் வழி அது. குழந்தை அந்த ஆளின் மடியை அடைந்ததும் இதயத் துடிப்பு தணிகிறது, கார்ட்டிசால் என்னும் நெருக்கடிச் சுரப்பு இறங்குகிறது.

காப்பகத்தில் இந்த வழி உருவாவது கடினம். ஆயாக்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் ஷிஃப்ட் மாறும், ஒருவர் கையில் பல குழந்தைகள் இருப்பார்கள். காலையில் அழும்போது வருபவர் ஒருவர், இரவில் அழும்போது வருபவர் வேறொருவர். கார்ட்டிசால் சாதாரணமாகக் காலையில் உச்சத்தில் இருந்து இரவுக்குள் படிப்படியாக இறங்கும். ருமேனியக் காப்பகக் குழந்தைகளை அளந்து பார்த்தபோது பலரிடம் இந்த ஏற்ற இறக்கமே தட்டையாகிக் கிடந்தது.

இந்தத் துறையில் மிக விரிவான சான்று ருமேனியாவிலிருந்துதான் வந்தது. அங்கே 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது காப்பகங்களின் அவலம் உலகுக்குத் தெரிந்தது. பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் வெளியேறியவர்கள் மற்ற தத்துக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் இருந்துவிட்டவர்களில் பலருக்குக் கவனச் சிதறலும் பழகுவதில் சிக்கலும் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தார். 2000இல் புகாரெஸ்டில் தொடங்கிய இன்னோர் ஆய்வு 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. மூன்றரை வயதில் பார்த்தபோது, குடும்பத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பாதுகாப்பான பற்றுறவு உருவாகியிருந்தது. காப்பகத்தில் தொடர்ந்த குழுவில் ஆறில் ஒருவரிடம்தான் அது இருந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. ருமேனியாவின் கொடுமையைத் தமிழ்நாட்டு மையங்கள்மீது அப்படியே பொருத்துவது நியாயமில்லை. இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: சீக்கிரம் கிடைக்கும் குடும்பம் மருந்தாகிறது, தாமதமானாலும் அது வீண்போவதில்லை.

புதுப் பெற்றோர் அதிகமாக ஏமாறும் இடம் முதல் வாரம். குழந்தை அழாமல் இருக்கிறது. கொடுத்ததைச் சாப்பிடுகிறது. பார்க்க வந்தவர்கள் கை நீட்டினால் தாவுகிறது, வருகிற பெண்களையெல்லாம் அம்மா என்கிறது. ‘வேத்துமுகமே இல்லை, எல்லார்கிட்டயும் ஒட்டிக்குது’ என்று உறவினர் மெச்சுவார்கள். ஆய்வாளர்கள் இதை நல்ல அறிகுறியாகக் கொள்வதில்லை. யாரிடமும் போகும் குழந்தை இன்னும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1950களில் லண்டன் மருத்துவமனைகளில் தாயைப் பிரிந்த சிறு குழந்தைகளைப் படம்பிடித்த ஜேம்ஸ் ராபர்ட்சன் மூன்று கட்டங்களைக் கண்டார். முதலில் ஆர்ப்பாட்டமான அழுகை, பிறகு சோர்ந்த மௌனம், கடைசியில் எதுவுமே நடக்காததுபோல் ஓர் ஒட்டாத சிரிப்பு. செவிலியர் பலர் மூன்றாவது கட்டத்தைப் பார்த்து ‘பழகிவிட்டது’ என்று நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது தவறு.

அழும் குழந்தையைவிட அமைதியான குழந்தைக்கு அதிகக் கவனம் வேண்டியிருப்பது இதனால்தான். இரண்டு மூன்று வாரம் கழித்து, புது அம்மா குளியலறைக்குப் போனால்கூடக் கதவடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். வந்தபோது இப்படி இல்லையே, கெட்டுப்போய்விட்டதே என்பார்கள். உண்மையில் வேர் பிடித்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் அந்த அழுகை.

இதற்கு எதிரான கோலமும் உண்டு. தூக்கினால் விறைத்துக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், விழுந்து அடிபட்டாலும் அழாமல் தானே எழுந்து போகும். அமெரிக்க உளவியலாளர் மேரி டோசியரும் அவருடைய குழுவினரும் வளர்ப்புத் தாய்மாரை நாள்தோறும் குறிப்பெழுதச் சொல்லி ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்குள் வந்த குழந்தைகள் ஓரிரு வாரத்தில் ஆறுதல் தேடி வளர்ப்புத் தாயிடம் வந்தன. அதற்கு மேற்பட்ட வயதில் வந்தவை தள்ளிவிட்டன. தள்ளிவிடப்பட்ட பெரியவர்களும் மெல்ல ஒதுங்கினார்கள். ‘இதுக்கு நான் வேண்டாம்போல’ என்று விலகும் அந்தக் கணம்தான் ஆபத்தானது. டோசியர் குழு வகுத்த பத்து அமர்வுப் பயிற்சியின் சாரம் எளிது. குழந்தை கேட்காவிட்டாலும் ஆறுதல் கொடு, அது தொடங்கும் விளையாட்டில் சேர்ந்துகொள், பயமுறுத்தாதே. இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் குழந்தைகளின் கார்ட்டிசால் ஓட்டம் இயல்புக்குத் திரும்பியது அளந்தே காட்டப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் வெளிநாட்டு வாசம் எதிர்பாராத உதவி செய்கிறது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழந்தை வந்து இறங்கினால் தெருவே கூடிவிடும். அத்தை தூக்குவார், சித்தி ஊட்டுவார், பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்க வைப்பார். பிறந்ததிலிருந்து வீட்டிலேயே வளரும் பிள்ளைக்கு அது பெரும் பேறு. காப்பகத்திலிருந்து வந்த பிள்ளைக்கோ அது இன்னொரு காப்பகம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இரண்டு அறை வீட்டில் மூவர் மட்டும் இருக்கும்போது, ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் இயல்பாகவே அதே இருவர் கைக்கு வந்துவிடும். முதல் சில மாதங்கள் இந்த மூன்று வேலையையும் வேறு யாரிடமும் விடவேண்டாம் என்று வல்லுநர்கள் சொல்வதை அந்நிய ஊர் தானாகவே நிறைவேற்றித் தருகிறது. உறவினர் காணொலி அழைப்பில் முகம் காட்டலாம், தூக்க முடியாது. தாத்தா பாட்டி வந்து தங்கினாலும் சமையலையும் துணியையும் பார்த்துக்கொண்டால் போதும், குழந்தையை அவர்கள் கையில் விட்டுவிட்டுத் தாய் அடுப்படிக்குப் போவது தலைகீழ்.

ஆனால் அந்தத் தனிமைக்கு ஒரு விலை உண்டு, அதைத் தாய்தான் கொடுக்கிறாள். கணவர் வேலைக்குத் திரும்பியதும் பகல் முழுவதும் பேசத் துணையில்லை. தத்தெடுத்த தாய்க்கும் பிள்ளை வந்தபின் மனச்சோர்வு வரலாம். அதற்குப் பிரசவம் காரணமாக இருக்கவேண்டியதில்லை, தூக்கமின்மையும் எதிர்பார்ப்பு பொய்த்த ஏமாற்றமும் போதும். இத்தனை ஆண்டு காத்திருந்து கிடைத்த பிள்ளையிடம் சலிப்பு வருகிறதே என்ற குற்ற உணர்வால் பலர் அதை வெளியே சொல்வதில்லை. குடும்ப மருத்துவரிடம் சொல்லவேண்டிய உடல்நிலை அது. மறைக்கவேண்டிய ஒழுக்கக்கேடு அல்ல.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி விமான நிலையம் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பக்கம். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் நான்கு மணி நேரப் பறப்பு. இறங்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் கூடிக் காது வலிக்கும். அந்த நேரத்தில் எதையாவது சப்பவோ விழுங்கவோ கொடுத்தால் நடுச்செவிக்குழல் திறந்து வலி தணியும். உடலின் நாள்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பதால் இரண்டு மூன்று நாளில் சரியாகும். அமெரிக்கக் கிழக்குக் கரையென்றால் பத்து நாள் பகலிரவு குழம்பும். காலை வெளிச்சத்தில் குழந்தையை வெளியே கொண்டுபோவதே அதற்கு மருந்து.

தூக்கம் வேறு கதை. காப்பகத்தில் வரிசையாகப் பல குழந்தைகளோடு, எப்போதும் ஏதோ ஒரு சத்தத்தின் நடுவே தூங்கிப் பழகிய பிள்ளை அது. அழகாக வண்ணம் தீட்டிய தனியறையும் முழு நிசப்தமும் அதற்குப் பயத்தைத்தான் தரும். அதே அறையில் கைக்கெட்டும் தொலைவில் படுக்கை இருப்பது நல்லது. மையத்தில் தூளியில் தூங்கியிருந்தால் அந்தப் பழைய சேலையையே கேட்டு வாங்கி வரலாம். அதைத் துவைக்கக் கூடாது. மணத்தின் நினைவு பேச்சுக்கு முந்தியது. புதுச் சோப்பு வாசம் கடைசியாக மிஞ்சியிருந்த அடையாளத்தையும் அழித்துவிடும். அடுக்குமாடி வீட்டில் தூளி கட்ட விட்டத்தில் கொக்கி இருக்காது. அந்தச் சேலையை விரித்துப் படுக்க வைத்தாலும் போதும், முகத்தை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் பொறுமை தேவை. ராகிக் கஞ்சியும் குழைந்த பருப்புச் சோறும் மட்டுமே தெரிந்த வாய்க்கு முதல் வாரத்திலேயே சீஸும் பழச்சாறும் புகட்டுவதில் அர்த்தமில்லை. சில பிள்ளைகள் வயிறு நிறைந்தபின்னும் கேட்டுக்கொண்டே இருக்கும், பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும். அடுத்த வேளை வருமா என்ற சந்தேகம் அது. பேராசை அல்ல. உணவு எப்போதும் கண்ணில் படும்படி இருந்தால் சில மாதத்தில் இது தானே மறையும். நல்ல சாப்பாடு கிடைத்ததும் உடல் வேகமாக வளரும். அந்த வேகத்தில் இரும்புச் சத்து இன்னும் குறைந்துபோகலாம் என்பதுதான் விநோதம். புது ரத்தமும் தசையும் உண்டாக இரும்பு செலவாகிறது. முதல் பரிசோதனையில் ரத்தம் சரியாக இருந்தாலும் ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது இதனால் அவசியம். அந்த முதல் பரிசோதனையில் தடுப்பூசி அட்டை, தலைச் சுற்றளவு, காசநோய், மஞ்சள் காமாலை பி, குடற்புழு, செவித்திறன், கண்பார்வை அனைத்தும் அடங்கவேண்டும்.

மொழியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பெரிய அனுகூலம் உண்டு. ஆறேழு மாதக் குழந்தையால் உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகளைப் பெருமளவு பிரித்தறிய முடியும். ஒரு வயதுக்குள் தன்னைச் சுற்றிப் பேசப்படாத ஒலிகளுக்கு அதன் காது மந்தமாகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் இதை நிறுவப் பயன்படுத்திய ஒலிகளில் ஒன்று, நம் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ளது போன்ற இந்தி வேறுபாடு. வேறு மொழிக் குடும்பத்துக்குப் போகும் குழந்தை பழைய மொழியைச் சில மாதத்தில் பேச மறந்துவிடும். ஆனால் தடம் முழுதாக அழிவதில்லை. சீனாவிலிருந்து மான்ட்ரியாலுக்குத் தத்துப் போய்ப் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண்களின் மூளை, சீனத் தொனிகளைக் கேட்டபோது சீனம் பேசுவோரின் மூளையைப் போலவே செயல்பட்டதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பிள்ளைகளும், மறந்துபோன ஒலி வேறுபாட்டைச் சிறு பயிற்சியிலேயே மீட்டுக்கொண்டார்கள்.

அரியலூர்க் குழந்தை தமிழ்த் தம்பதியிடம் போனால் இந்த அறுபடுதல் நேர்வதில்லை. ஆனாலும் ஒன்றரை வயதுக் குழந்தையின் தமிழ் அந்த மையத்துக்கே உரியது. சோற்றுக்கு மம்முவா பூவாவா, சிறுநீருக்கு என்ன சொல்லும், தூங்க வைக்கும்போது ஆயா என்ன ராகம் முனகுவார், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பும் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வது, கையில் கொடுக்கப்படும் கோப்புக் கட்டைவிடப் பயன்தரும். பெயரையும் உடனே மாற்ற வேண்டியதில்லை. எழுத்தில் எந்தப் பெயர் ஏறினாலும் வீட்டுக்குள் பழைய பெயரே கொஞ்ச காலம் ஒலிக்கட்டும். அந்தக் குழந்தை கூடவே கொண்டுவந்த ஒரே சொத்து அது.

சட்டப்படியான கண்காணிப்பு இரண்டு ஆண்டுகள். உள்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. வெளிநாட்டுக்குப் போனால் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளை ஒட்டவில்லை என்றால் அந்த அறிக்கையிலேயே சொல்லி ஆலோசனை கேட்கலாம். அதைக் கௌரவக் குறைவாக நினைத்து ‘நலம்’ என்று மட்டும் எழுதி அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது.

அந்த இரண்டு ஆண்டுகளோடு முடியாத ஒன்றும் உண்டு. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன 107 பெண்களை அந்நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள். வந்தபோது மெலிந்து குள்ளமாக இருந்தவர்கள் விரைவாக வளர்ந்து ஈடுகட்டினார்கள். ஆனால் அவர்கள் பூப்பெய்திய நடு வயது 11.6, ஸ்வீடன் பெண்களுக்கோ ஏறக்குறைய 13. சிலர் ஏழெட்டு வயதிலேயே பூப்பெய்தினார்கள். பூப்பு முந்தினால் எலும்பின் வளர்ச்சியும் முந்தி நின்றுவிடுவதால் உயரம் குறையும். ஏழு வயது முதல் ஆண்டுக்கு இருமுறை உயரத்தையும் எடையையும் குறித்து வந்தால் இதைக் காலத்தில் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிக்க முடியும். மையத்தில் கொடுத்த வளர்ச்சி அட்டையைப் பன்னிரண்டு வயது வரையாவது பெற்றோர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.